சைட் கிளாஸ் மக்கர் செய்தால்: கசிவு, பொய் அளவு, கிருமி

பீர் காய்ச்சும் பாத்திரமான கெட்டிலில் எவ்வளவு திரவம் இருக்கிறது என்று வெளியிலிருந்தே காட்டும் குழாய்தான் சைட் கிளாஸ். இதில் பெரிய நுட்பம் எதுவும் கிடையாது. கெட்டிலின் அடிப்பக்கம் ஒரு ஓட்டை, அதில் முழங்கை போல வளைந்த ஒரு பொருத்தி, அதன் மேல் நிமிர்ந்து நிற்கும் ஒரு குழாய். கொத்தனார் கையில் இருக்கும் டியூப் மட்டம் எப்படி வேலை செய்கிறதோ, அப்படித்தான் இதுவும். ஆனால் பீர் காய்ச்சும்போது இதில் வரும் தகராறுகளில் பாதிக்கு மேல் ஒரே காரணத்தால் வருகின்றன. குழாய்க்குள் நிற்கும் வோர்ட் (பீராக மாறப்போகும் இனிப்பான தானியச் சாறு) வேறு, கெட்டிலுக்குள் கொதிக்கும் வோர்ட் வேறு. குழாய் ஒரு முட்டுச்சந்து. உள்ளே போனது அங்கேயே நின்றுவிடும். அதன் சூடு வேறு, அடர்த்தி வேறு, சில நேரம் கிருமிக் கணக்கும் வேறு.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதல் சோதனையைப் பச்சைத் தண்ணீரில் செய்யுங்கள். கொதிக்கும் வோர்ட் கையில் பட்டால் சர்க்கரைப் பசையோடு ஒட்டிக்கொண்டு சுடும். அந்த நேரத்தில் ஸ்பானரைத் தேடி ஓடக் கூடாது.

கெட்டில் சுவரோரம் சொட்டுகிறது

எங்கிருந்து சொட்டுகிறது என்று முதலில் பாருங்கள். காகிதக் கைத்துண்டைத் திரித்து ஒவ்வொரு இடமாக ஒற்றினால் தெரிந்துவிடும். வாஷருக்கும் சுவருக்கும் நடுவில் ஈரம் இருந்தால் ஓ-ரிங் (கசிவை அடைக்கும் மெத்தென்ற வளையம்) சரியாக உட்காரவில்லை. நட்டின் வெளிமுகத்தில் மரையோரமாக ஈரம் இருந்தால், தண்ணீர் மரைப் பள்ளத்தில் சுற்றிச் சுற்றி வெளியே வருகிறது.

சொட்டைப் பார்த்ததும் இன்னும் இறுக்கத் தோன்றும். அதுதான் பெரும்பாலும் கெடுக்கிறது. சிலிக்கான் ஓ-ரிங் மெத்தென்றது. அளவுக்கு மீறி இறுக்கினால் வாஷரின் ஓரம் தாண்டிப் பிதுங்கிவிடும், அப்புறம் என்ன செய்தாலும் நிற்காது. கையால் முடிந்தவரை இறுக்கி, அதற்கு மேல் ஸ்பானரில் கால் சுற்று கொடுங்கள். அதிலும் கசிந்தால் குறை வேறெங்கோ இருக்கிறது. பின்பக்கம் ஓ-ரிங்குக்கென்று பள்ளம் வெட்டிய வாஷர் கிடைத்தால் அதையே போடுங்கள், பிதுங்கும் தொல்லையே இருக்காது.

கெட்டில் சுவர் வளைந்தது, வாஷர் தட்டையானது. 40 செ.மீ. விட்டமுள்ள கெட்டிலில் 30 மி.மீ. அகல வாஷரை வைத்தால் ஓரத்தில் அரை மி.மீ.க்குச் சற்று மேல் இடைவெளி விழும். 25 செ.மீ. கெட்டில் என்றால் கிட்டத்தட்ட 0.9 மி.மீ. மெல்லிய தட்டை கேஸ்கட் இதை நிரப்பாது. 3 மி.மீ. தடிமனாவது உள்ள ஓ-ரிங் வேண்டும். ஓட்டையின் அளவும் முக்கியம். அரை அங்குல என்.பி.டி. (அமெரிக்கக் குழாய் அளவு) மரையின் வெளிவிட்டம் சுமார் 21.3 மி.மீ. ஓட்டை அதைவிட ஒரு மி.மீ.க்கு மேல் பெரிதாகிவிட்டால் ஓ-ரிங் ஒரு பக்கமாகச் சரியும்.

அப்புறம் பிசிறு. என் முதல் கெட்டிலில் இரண்டு ஓ-ரிங் மாற்றியும் சொட்டு நிற்கவில்லை. கழற்றிப் பார்த்தபோது இரண்டிலும் ஒரே இடத்தில் பிளேடால் கீறியதுபோல் ஒரு வெட்டு. ஓட்டையின் ஓரத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு பிசிறு நின்றுகொண்டிருந்தது. விரலால் தடவிப் பார்க்காதீர்கள். கொஞ்சம் பஞ்சை ஓரம் முழுக்க இழுத்துப் பாருங்கள், பிசிறு இருக்கும் இடத்தில் நார் மாட்டிக்கொள்ளும். அந்த இடத்தை அரை வட்ட அரத்தால் உள்ளும் புறமும் தேய்த்துவிடுங்கள். சாதாரண இரும்பில் தேய்த்த அரத்தை இதற்கு எடுக்கக் கூடாது. இரும்புத்தூள் கெட்டிலின் துருப்பிடிக்காத எஃகில் பதிந்து, ஓட்டையைச் சுற்றிச் செம்பழுப்பு வளையமாகத் துரு கட்டும்.

ஓ-ரிங் சுவருக்கு உள்ளேயா, வெளியேயா? இரண்டுமே கசிவை நிறுத்தும். நான் உள்ளே போடுகிறேன். வெளியே போட்டால் ஓட்டைக்கும் மரைக்கும் நடுவிலுள்ள சந்தில் வோர்ட் போய்த் தங்கும், அதோடு அடுப்புத் தீயின் சூடும் நேராக ஓ-ரிங்கில் படும். சிலிக்கான் 200 டிகிரி வரை தாங்கும். கருப்பு நைட்ரைல் ஓ-ரிங்குக்குக் கொதிநிலையே அதன் எல்லையை ஒட்டியது, ரப்பர் வாடையும் விடலாம். பொருத்தியோடு கருப்பு ஓ-ரிங் வந்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

மரையில்தான் கசிவு என்றால் டெஃப்லான் டேப். மரையின் முனை உங்களைப் பார்க்கும்படி பிடித்து, கடிகார முள் போகும் திசையில் மூன்று, நான்கு சுற்று. எதிர்த்திசையில் சுற்றினால் முடுக்கும்போது டேப் சுருண்டு வெளியே வந்துவிடும்.

குழாயின் அடியில், கம்ப்ரெஷன் நட்டைச் சுற்றி ஈரம்

சிலிக்கான் வளையத்தை அழுத்திக் குழாயைப் பிடித்துக்கொள்வதுதான் கம்ப்ரெஷன் நட்டு. பெரும்பாலும் குழாய் முழுதாக அதற்குள் போயிருக்காது. காய்ந்த கண்ணாடியைக் காய்ந்த சிலிக்கான் வளையத்துக்குள் தள்ளினால் வளையம் மடங்கிக்கொள்ளும். இரண்டையும் தண்ணீரில் நனைத்து, மெல்லத் திருகியபடியே இறக்குங்கள். சிலிக்கான் கிரீஸ் வேண்டாம், சிலிக்கான் வளையத்தை அதுவே ஊதவைக்கும். குழாயின் முனை சாய்வாக வெட்டப்பட்டிருந்தாலோ, ஓரத்தில் சில்லு போயிருந்தாலோ வளையம் கிழியும். குழாயைத் தலைகீழாகப் போட்டு மாற்றி மாட்டிப் பாருங்கள், மறுமுனை நன்றாக இருக்கலாம். இந்த நட்டுக்கு ஸ்பானரே வேண்டாம், கைப்பிடி போதும்.

குழாயில் விரிசல்

போரோசிலிக்கேட் கண்ணாடி சூட்டுக்கு அவ்வளவு சுலபத்தில் உடையாது. அதன் விரிவு சாதாரணக் கண்ணாடியின் விரிவில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். அது உடைவது பெரும்பாலும் இடித்து, அல்லது இறுகப் பிடித்து. 40 செ.மீ. உயர எஃகுக் கெட்டில் 80 டிகிரி சூடேறினால் அரை மி.மீ.க்கு மேல் நீளும். அதே நீளக் கண்ணாடி 0.1 மி.மீ. அளவுக்குத்தான் நீளும். மேல் பிடிப்பும் கீழ்ப் பிடிப்பும் இரும்புப்பிடியாக இருந்தால் இந்த வித்தியாசம் முழுவதும் கண்ணாடியின் மேல் விழும். மேல்முனையில் 2 மி.மீ. இடம் விடுங்கள். பிடிப்புக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒரு சிலிக்கான் துண்டு இருக்கட்டும். சூடான குழாயில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றிக் கழுவுவதையும் விட்டுவிடுங்கள்.

பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக் குழாய் வேறு விதமாகச் சாகும். முதலில் நட்டை ஒட்டி நரம்பு நரம்பாக மெல்லிய கோடுகள் வரும், பிறகு அந்தக் கோட்டிலேயே பிளக்கும். கொதிநீரைக் கொஞ்ச நேரம் அது தாங்கிவிடும். சூடான காரக் கரைசலும் இறுக்கமும்தான் எமன். காஸ்டிக் சோடா அதன் பக்கமே போகக் கூடாது. கோடு தெரிந்ததும் மாற்றுங்கள். பசை போட்டு ஒட்டும் யோசனை எல்லாம் வேண்டாம், கொதிக்கும் வோர்ட்டுக்கு எதிரில் நிற்பது நீங்கள்.

காய்ச்சும் நடுவில் குழாய் உடைந்தால் பொருத்தியின் மட்டத்துக்கு மேல் உள்ள அத்தனையும் வெளியே வரும். உடனே அடுப்பை அணைத்து விலகுங்கள். கண்ணாடிச் சில்லு கெட்டிலுக்குள் போயிருக்கும் என்று சிறு சந்தேகம் வந்தாலும் அந்த வோர்ட்டைக் கொட்டிவிட வேண்டும். குழாய்க்கும் கெட்டிலுக்கும் நடுவில் ஒரு சின்ன பால் வால்வு (உள்ளே ஓட்டையுள்ள உருண்டை திரும்பித் திறந்து மூடும் வால்வு) போட்டுவைத்தவர்கள் வால்வை மூடி மீதியைக் காப்பாற்றலாம். கூடுதல் செலவுதான், கழுவ வேண்டிய இடமும் ஒன்று கூடும். ஆனால் 40 லிட்டருக்கு மேல் காய்ச்சுபவர்கள் போட்டுக்கொள்ளலாம் என்பது என் கட்சி.

மட்டம் அசையவே இல்லை

இரண்டே காரணங்கள். ஒன்று, குழாயின் மேல்வாய் மூடியிருக்கிறது. தூசு விழக் கூடாதென்று போட்ட மூடியாக இருக்கும். காற்று வெளியேற வழியில்லை என்றால், 40 செ.மீ. குழாயில் 30 செ.மீ. ஏற வேண்டிய தண்ணீர் 1 செ.மீ. அளவில் நின்றுவிடும். மூடியில் ஓட்டை போடுங்கள், அல்லது காற்று புகும்படி தளர்த்திவையுங்கள். இரண்டு, அடியில் தானிய உமியோ, பீருக்குக் கசப்பு தரும் ஹாப் தழையோ அடைத்திருக்கிறது. மேலிருந்து ஒரு கோப்பை வெந்நீர் ஊற்றுங்கள். அப்போதும் இறங்கவில்லை என்றால் கழற்றித்தான் ஆக வேண்டும். வாயை வைத்து ஊதுவது கிருமிக்கு வரவேற்பு, அதைவிட முகத்தில் வெந்நீர் தெறிக்கும் ஆபத்து.

மட்டம் குதிக்கிறது, மேலே பீய்ச்சுகிறது

அடுப்புத் தீ கெட்டிலின் பக்கவாட்டில் ஏறி, அந்த முழங்கைப் பொருத்தியைச் சுடுகிறது. உள்ளே நிற்கும் கொஞ்ச வோர்ட் தனியாகக் கொதித்து, நீராவிக் குமிழ் மேலே உள்ளதைத் தூக்கி எறிகிறது. வேகமான அடுப்பில் ஒரு முழம் உயரத்துக்குக்கூடப் பீய்ச்சும். தீயைக் குறைத்துப் பாருங்கள். நின்றுவிட்டால் காரணம் அதுதான். பொருத்திக்குக் கீழே கையளவு எஃகுத் தகடு ஒன்றை மறைப்பாக மாட்டினால் போதும். மின்சார ஹீட்டர் உள்ள கெட்டிலில் இந்தத் தகராறு வருவதில்லை.

கொதி நடக்கும்போது லேசான ஆட்டம் இயல்பு. அளவைப் பார்க்க வேண்டுமானால் அடுப்பை அரை நிமிடம் அணைத்துவிட்டுப் பாருங்கள்.

வால்வைத் திறந்ததும் மட்டம் சடாரென்று விழுகிறது

வடிகால் வால்வும் சைட் கிளாஸும் ஒரே டி-பொருத்தியில் இருந்தால் இப்படித்தான் ஆகும், பழுது இல்லை. ஓடும் திரவத்தில் அழுத்தம் குறையும். 13 மி.மீ. உள்விட்டத்தில் நிமிடத்துக்கு 10 லிட்டர் ஓடினால் அந்த ஓட்டத்துக்காக மட்டும் 8 செ.மீ. குறைத்துக் காட்டும், உராய்வு அதற்கு மேல். பம்ப் வைத்து வோர்ட்டைச் சுற்றவிடுபவர்கள் இதைப் பார்த்து, வோர்ட் எங்கோ ஒழுகிவிட்டது என்று தவித்ததுண்டு. வால்வை மூடுங்கள், மட்டம் திரும்ப ஏறி நிற்கட்டும், அப்புறம் படியுங்கள். இந்தத் தொல்லையே வேண்டாமென்றால் சைட் கிளாஸுக்குத் தனி ஓட்டை போடுவதுதான் வழி.

அளவு ஒவ்வொரு முறையும் ஒரு லிட்டர், ஒன்றரை லிட்டர் தப்புகிறது

கோடு போட்டதில் தவறு என்று எல்லோரும் முதலில் கோட்டைத்தான் அழிப்பார்கள். கோடு பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். சைட் கிளாஸ் உயரத்தைக் காட்டுவதாக நாம் நினைக்கிறோம். உண்மையில் அது ஒரு தராசு. ஒரு தட்டில் கெட்டிலுக்குள் இருக்கும் திரவம், மறு தட்டில் குழாய்க்குள் இருக்கும் திரவம். இரண்டின் அடர்த்தியும் ஒன்றாக இருந்தால்தான் உயரமும் ஒன்றாக இருக்கும்.

கணக்குப் பார்ப்போம். கெட்டில் கொதிக்கிறது, குழாயோ வெளிக்காற்றில் ஆறி 50 டிகிரியில் நிற்கிறது. 100 டிகிரியில் தண்ணீரின் அடர்த்தி 0.958, 50 டிகிரியில் 0.988. பொருத்திக்கு மேல் 30 செ.மீ. வோர்ட் இருந்தால் குழாய் 29.1 செ.மீ. என்று காட்டும். 40 செ.மீ. விட்டக் கெட்டிலில் ஒரு செ.மீ. என்பது 1.26 லிட்டர். ஆக, ஒரு லிட்டருக்கு மேல் குறைத்துச் சொல்கிறது.

இப்போது எதிர்ப்பக்கம். ஒரே கெட்டிலில் தண்ணீர் நிரப்பி, பையில் மால்ட்டை (முளைகட்டிக் காயவைத்த தானியம்) போட்டு ஊறவைப்பவர்களுக்கு இது நடக்கும். முதலில் ஊற்றிய வெறும் தண்ணீர் குழாய்க்குள் போய் நின்றுவிடும். கெட்டிலில் சர்க்கரை ஏறி வோர்ட்டின் ஒப்படர்த்தி 1.050 ஆனாலும் குழாயில் இருப்பது அதே தண்ணீர்தான். இரண்டும் ஒரே சூட்டில் இருந்தால் 30 செ.மீ. வோர்ட்டை 31.5 செ.மீ. என்று காட்டும், கிட்டத்தட்ட இரண்டு லிட்டர் கூடுதல். இந்த இரண்டு பொய்யும் ஒரே நேரத்தில் நடந்தால் ஒன்றையொன்று கொஞ்சம் அடித்துவிடும். அதனால்தான் ஒரு நாள் சரியாகவும் மறுநாள் தப்பாகவும் காட்டுகிறது.

வைத்தியம் சுலபம். படிப்பதற்கு முன் குழாயில் இருப்பதை மாற்றுங்கள். வால்வில் ஒரு குவளை சூடான வோர்ட் பிடித்து, குழாயின் மேல்வாயில் சின்னப் புனல் வைத்து மெதுவாக ஊற்றினால், பழையது கீழே தள்ளப்பட்டுக் கெட்டிலுக்குள் போய்விடும். உடனே படியுங்கள்.

இது சரியான பிறகும் தப்புகிறது என்றால்:

- கொதிநிலையில் படித்த 25 லிட்டர், 20 டிகிரிக்கு ஆறியதும் 24 லிட்டர்தான். இது பிழையே அல்ல, 4 சதவீதச் சுருக்கம். ஆனால் குறிப்பேட்டில் சூடா, ஆறியதா என்று எழுதாவிட்டால் பிழையாகிவிடும்.
- கெட்டில் சாய்ந்திருக்கிறதா? ஒரு ஓரம் மற்ற ஓரத்தைவிட 1 செ.மீ. உயர்ந்திருந்தால், அதே 40 செ.மீ. கெட்டிலில் 0.6 லிட்டர் மாறும். ரச மட்டம் வைத்துப் பாருங்கள்.
- குளிரூட்டும் சுருளை உள்ளே இறக்கிவிட்டுப் படித்தீர்களா? சுருள் பிடிக்கும் இடமும் லிட்டராகத்தான் தெரியும்.

புதிதாகக் கோடு போடும்போது குவளைக் கணக்கில் ஊற்றாதீர்கள், எடை போட்டு ஊற்றுங்கள். ஒரு கிலோ தண்ணீர் ஒரு லிட்டர். 2 லிட்டருக்கு ஒரு கோடு போதும். பொருத்தியின் மட்டத்துக்குக் கீழே உள்ள அளவைக் குழாய் எப்போதும் காட்டாது, அதை ஒரு முறை அளந்து மூடியில் எழுதிவையுங்கள். கண் மட்டத்துக்கு நேராகக் குனிந்து பாருங்கள். நின்றபடி மேலிருந்து பார்த்தால், பின்னால் இருக்கும் கோட்டில் இரண்டு, மூன்று மி.மீ. மாறும்.

குழாய் மங்கிவிட்டது

பழுப்பாக இருந்தால் புரதமும் ஹாப் பிசினும். சோடியம் பெர்கார்பனேட் கலந்த கழுவுதூளை 60 டிகிரி வெந்நீரில் பாக்கெட்டில் சொன்ன அளவுக்குக் கரைத்து, அரை மணி நேரம் ஊறவையுங்கள். பாலிகார்பனேட் என்றால் கைபொறுக்கும் சூடு, பத்து நிமிடம். வெள்ளையாக, வறட்டுத்தனமாக இருந்தால் சுண்ணாம்புப் படிவோ பீர் கல்லோ (பீர் விட்டுச்செல்லும் கால்சியப் படிவு). இதற்குக் காரம் உதவாது, சிட்ரிக் அமிலக் கரைசல் வேண்டும். முதலில் காரம், நன்றாக அலசல், பிறகு அமிலம். இரண்டையும் சேர்த்துக் கரைத்தால் ஒன்றையொன்று கொன்றுவிடும். தேய்க்க மெல்லிய நைலான் பிரஷ்தான். கம்பி பிரஷ் போட்ட கீறல் கிருமிக்கு வீடு.

ப்ளீச் வேண்டவே வேண்டாம். குளோரின் 304 ரக எஃகில் குழி விழவைக்கும். அமிலத்தோடு கலந்தால் குளோரின் வாயு கிளம்பும்.

பீர் புளிக்கிறது, சைட் கிளாஸ் மேல் சந்தேகம்

சந்தேகம் நியாயமானது, ஆனால் முதல் குற்றவாளி பெரும்பாலும் அதுவல்ல. கொதிக்கும் கெட்டிலைவிட, குளிர்ந்த வோர்ட் தொடும் டியூப், நொதிகலம், அதன் குழாய் ஆகியவற்றில்தான் கிருமி அதிகம் ஒளிந்திருக்கும். அவற்றைப் பார்த்துவிட்டு இங்கே வாருங்கள்.

சைட் கிளாஸில் ஆபத்து எங்கே? கெட்டில் ஒரு மணி நேரம் கொதிக்கும்போது குழாயின் மேல்பாதி கொதிப்பதே இல்லை. தொட்டுப் பார்த்தால் அடியில் சுடும், நடுவில் வெதுவெதுப்பு, மேலே கிட்டத்தட்ட அறைச் சூடு. பீரைக் கெடுக்கும் பாக்டீரியாவும் காட்டு ஈஸ்ட்டும் 70 டிகிரிக்கு மேல் சில நிமிடத்தில் சாகும், ஆனால் அந்தச் சூடு அங்கே போவதில்லை. பிறகு குளிர்ந்த வோர்ட்டை வடிக்கும்போது மட்டம் இறங்க இறங்க, குழாயில் இருந்ததும் சேர்ந்து நொதிகலத்துக்கு இறங்குகிறது.

கொதி முடிய 15 நிமிடம் இருக்கும்போது இதைச் செய்யுங்கள். தடிமனான கையுறை போட்டுக்கொண்டு, கொதிக்கும் வோர்ட்டை ஒரு உலோகக் குவளையில் பிடியுங்கள். குழாயின் மேல்வாயில் சிறுகச் சிறுக ஊற்றுங்கள். ஒரு நிமிடம் விட்டு மறுபடி, பிறகு மூன்றாவது முறை. போரோசிலிக்கேட் குழாய் இதைத் தாங்கும். முதல் குவளையை மட்டும் நூல் போல ஒழுகவிடுங்கள். வோர்ட் பிடிக்கும்போதே வால்வைப் பாதித் திறப்பிலும் கொஞ்சம் நிறுத்துங்கள். பால் வால்வின் உருண்டைக்கும் கூட்டுக்கும் நடுவில் தேங்கும் பழைய வோர்ட் அப்போதுதான் கழுவப்படும். சைட் கிளாஸைவிட அந்த இடத்தைத்தான் நான் அதிகம் சந்தேகப்படுவேன்.

காய்ச்சி முடித்த அன்றே குழாயைக் கழற்றுங்கள். வளையம், நட்டு, முழங்கை எல்லாம் தனித்தனியாக. வளையத்தின் அடியில் விரலை ஓட்டினால் வழுவழுவென்று ஒரு பசை வரும், அது போகும்வரை கழுவ வேண்டும். அழுக்கின் மேல் சானிடைசர் ஊற்றுவதில் பயனே இல்லை. கழுவி, காயவைத்து, பூட்டாமல் வையுங்கள். அடுத்த முறை மாட்டிய பிறகு ஸ்டார் சான் போன்ற அமில சானிடைசரை லிட்டருக்கு 1.5 மி.லி. கணக்கில் கரைத்துக் குழாயை நிரப்பி, இரண்டு நிமிடம் வைத்து வடித்துவிடுங்கள். கரைசலின் பி.ஹெச். 3-க்கு மேல் போனால் அது வெறும் நுரைத் தண்ணீர்தான்.

இத்தனைக்குப் பிறகும் சந்தேகம் தீரவில்லையா? கொதிநீரில் போட்டெடுத்த இரண்டு கண்ணாடி ஜாடிகள் எடுங்கள். ஈஸ்ட் போடுவதற்கு முன், கொதிநீரில் முக்கிய கரண்டியால் கெட்டிலின் மேலிருந்து குளிர்ந்த வோர்ட்டை ஒரு ஜாடியில் பிடியுங்கள். இன்னொன்றில் குழாய் காலியாகும்போது வால்வில் வருவதைப் பிடியுங்கள். மூடியைத் தளர்வாக வைத்து வெதுவெதுப்பான இடத்தில் மூன்று நாள் விடுங்கள். வாயில் வைக்க வேண்டாம், பார்ப்பதும் மோப்பம் பிடிப்பதும் போதும். இரண்டும் தெளிவாக இருந்தால் தகராறு கெட்டிலைத் தாண்டிய பிறகுதான். இரண்டும் நுரைத்துக் கலங்கினால் குளிரூட்டும் சுருளைப் பாருங்கள். இரண்டாவது மட்டும் கலங்கி, வெந்த காய்கறி வாடை வந்தால், வால்வையும் சைட் கிளாஸையும் கழற்றி மேசைமேல் பரப்புங்கள்.